முதலில் கண்ணில் பட்ட கோப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று எங்கள் ஆய்வக மென்பொருளின் புதிய ரிலீஸ். பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். ஒன்றரைக்குள் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு போன்கூட வரவில்லை.

சுண்டுவின் மூன்று மாத உழைப்பு இது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஓர் அளவு ஆபத்தான எல்லையைத் தாண்டினால் அந்த வரியில் சிவப்புக் குறி விழும், டியூட்டி டாக்டருக்குச் செய்தியும் போகும். இதுவரை எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எல்லைதான். இனி வயதையும் சிறுநீரகக் கோளாறையும் பார்த்து எல்லை மாறும். அவள் எழுதிய நிரலைப் படித்துவிட்டு 'சரி' என்று பட்டனை அழுத்த வேண்டியவள் நான்.

"ஏன்டி, அழுத்தறதுக்கு இவ்ளோ நேரமா? குழந்தைக்குப் பேரா வைக்கிறே?"

"டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டியா?"

"நாப்பத்தாறு கேஸ். வேணும்னா உக்காந்து எண்ணிக்கோ."

எண்ணவில்லை. பதினோரு வருடமாகப் பக்கத்து நாற்காலி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்குக் கால் தரைக்கு எட்டாது, காகித அட்டைப்பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் கால் வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்து நான் வைத்த பெயர்தான் சுண்டு. இப்போது கம்பெனி இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மார்ச் 5, புதன்

என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமாம். லென்ஸ் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது என்று மூன்று மணிக்குத்தான் சாப்பிட வந்தாராம். எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரு மருத்துவமனையின் ஆய்வகப் பொறுப்பாளர் போன் செய்தார். வழக்கமாகச் சத்தம் போடுகிறவர், இன்று மெதுவாகப் பேசினார். புதன்கிழமை ஒரு பெண்மணிக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பொட்டாசியம் 7.1. எந்த எல்லையை வைத்துப் பார்த்தாலும் சிவப்பு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. செய்தியும் போகவில்லை. ஒன்பது பக்க ரிப்போர்ட்டை டாக்டர் புரட்டிப் பார்த்தார், சிவப்பு எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார். வியாழன் காலை சமையலறையில் விழுந்தவர் பிறகு எழவே இல்லை.

நாற்பத்தொரு வயது. தையல் கடை வைத்திருந்தவர்.

"உங்க சிவப்பை நம்பித்தானேம்மா நாங்க புரட்டறோம்" என்றார்.

சுண்டுவிடம் நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, கழிவறைக்குப் போய், இருபது நிமிடம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "எடு. அந்த ரிப்போர்ட்டை எடு. எங்க விட்டேன்னு பாப்போம்."

புதன்கிழமை. 'எழுத வேறொன்றுமில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

விடுமுறை நாள். நாங்கள் இரண்டு பேரும் ஆபீசில். ஏசி போடவில்லை.

திங்கள் மதியத்திலிருந்து நேற்றுக் காலை வரை அந்த மருத்துவமனையில் ஒரு ரிப்போர்ட்டிலும் சிவப்பு விழவில்லை. விழுந்திருக்க வேண்டியவை ஒன்பது. எட்டை டாக்டர்களே கண்ணால் பார்த்துப் பிடித்துவிட்டார்கள்.

மற்ற பதினோரு மருத்துவமனைகளிலும் ஒழுங்காக விழுந்திருக்கிறது. அதே ரிலீஸ், அதே கோப்புகள்.

பிழைகள் பதிவாகும் லாக்கில் எதுவுமே இல்லை. சிவப்புக் குறி போடும் இடத்தில் என்ன பிழை வந்தாலும் வாயைத் திறக்காமல் விழுங்கிவிடும்படி யாரோ எட்டு வருடம் முன்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்காகவும் ரிப்போர்ட் அச்சாவது நிற்கக் கூடாதாம். அதை எடுத்துவிட்டு அந்த மருத்துவமனை சர்வரில் மறுபடி ஓட்டினோம். அப்போதுதான் பிழை வாயைத் திறந்தது. எல்லை லைப்ரரியில் நீ கூப்பிடுகிற மெத்தட் இல்லை என்றது.

எல்லை லைப்ரரி என்பது எந்தச் சோதனைக்கு எது ஆபத்தான அளவு என்று சொல்லும் சின்ன நிரல் தொகுப்பு. எங்களுடையதுதான். அதில் புதிய மெத்தட்டை, அதாவது வயதைப் பார்த்து எல்லை சொல்லும் பகுதியைச் சேர்த்ததும் சுண்டுதான்.

"இருக்குடி! நான்தானே எழுதினேன். இங்க பாரு. இதோ. இது என்ன?"

இருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் மெஷினில் ஓட்டினால் நாற்பத்தாறும் பாஸ். அங்கே ஓட்டினால் இல்லை என்கிறது. நான்கு மணிக்கு அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போலிருக்கு" என்றாள்.

பழைய ரிலீசுக்கே திருப்பி வைத்துவிட்டு வந்தோம். சிவப்பு விழுகிறது. ஆனால் ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

கூட்டம். இயக்குநர், எங்கள் டீம் லீட், மனிதவள மேலாளர், சுண்டு, நான். கண்ணாடி அறை. வெளியே எல்லாரும் தத்தம் திரையைப் பார்க்கிற மாதிரி இருந்தார்கள்.

மற்ற பதினோரு இடத்தில் வேலை செய்கிறதே என்று சுண்டு சொன்னாள். "செத்தது பன்னிரண்டாவது இடத்துல" என்றார் இயக்குநர்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ரூவ் பண்ணது நீங்க. டெஸ்ட் பண்ணதை நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டி இருந்ததும் இல்லை. நாற்பத்தாறும் பாஸ் ஆவதைச் சனிக்கிழமை நானே பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். தப்பு கோடில் இல்லை சார், எங்கேன்னு இன்னும் தெரியலை, இரண்டு நாள் கொடுங்க என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் வாய்க்குள்தான் இருந்தது.

நான் சொன்னது இது: "டெஸ்ட் பண்ணிட்டேன்னு அவங்க சொன்னாங்க சார்."

அவ்வளவுதான். சுண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

டீ குடிக்க அவள் எழுந்து வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 12, புதன்

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சுண்டுவிடம் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமாம். சம்பந்தப்பட்ட ஊழியர் இப்போது எங்களிடம் இல்லை என்பதுதான் அந்தப் பதில்.

ஒரு துணிப்பையில் எல்லாம் அடங்கிவிட்டது. கப், ஸ்வெட்டர், அவள் மகள் பாப்பா வரைந்த பச்சை நிற யானை, சார்ஜர். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"நான் கீழ வரைக்கும் வரட்டுமா?"

"வேணாம். பை கனமில்ல."

மூன்று மாடியும் செருப்புச் சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. துடைக்க வந்தவர் "இது குப்பையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

விசாரணை அறிக்கையை நான்தான் எழுத வேண்டுமாம். "சீக்கிரம் முடிச்சுடுங்க. விடைதான் தெரிஞ்சதாச்சே" என்றார் லீட். மனிதர் கெட்டவர் இல்லை. இன்று அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எனக்கு விடை தெரியவில்லையே!

மார்ச் 17, திங்கள்

தெரிந்துவிட்டது.

அந்த மருத்துவமனையின் சர்வருக்குள் போனேன். ஒரு நிரல் ஒரு லைப்ரரியை எடுத்துக்கொள்ளும்போது எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று அதனிடமே கேட்கலாம். ஒரே ஒரு வரி எழுதினால் போதும். சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டும். அன்று எங்கள் இருவர் புத்தியும் எங்கள் கோடிலேயே இருந்தது, வெளியே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கேட்டேன். பதில் வந்தது. ரிலீசோடு போன எங்கள் ஃபோல்டரிலிருந்து எடுக்கவில்லை. அந்த சர்வரில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் உண்டு, அதிலிருந்து எடுத்திருக்கிறது. அங்கே எல்லை லைப்ரரியின் பழைய வெர்ஷன் ஒன்று கிடந்தது. அதே பெயர். சர்வர் முதலில் பொது ஃபோல்டரில்தான் தேடும். கிடைத்துவிட்டால் அதோடு சரி, வேறு எங்காவது புதியது இருக்கிறதா என்று பார்க்காது. நான்கு வருடமாக அந்தப் பழையதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கூப்பிட்டதெல்லாம் பழைய மெத்தட்டுகள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. சுண்டு முதல்முறையாகப் புதிய மெத்தட்டைக் கூப்பிட்டாள். பழையதில் அது எப்படி இருக்கும்?

எங்கள் டெஸ்ட் மெஷினில் அந்தக் கோப்பு இல்லை. நாற்பத்தாறு என்ன, நானூறு கேஸ் போட்டிருந்தாலும் பாஸ்தான் ஆகியிருக்கும்.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

யார் வைத்தது என்று பார்த்தேன். கோப்புக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நான்கு வருடம் முன்பு, நவம்பர் 19, மாலை 4.52.

அந்தத் தேதியை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாப்பா பிறந்த நாள். அன்று மதியத்திலிருந்து அந்த ஆய்வகத்தில் புதிய கருவி எங்கள் மென்பொருளோடு பேசவில்லை, லைப்ரரி கிடைக்கவில்லை என்று பிழை, பத்து நிமிடத்துக்கு ஒரு போன். நாலே முக்காலுக்கு சுண்டு போன் செய்தாள். "வலி வந்துடுச்சுடி. இவர் ஊர்ல இல்ல. நீ வா." நான் அந்தக் கோப்பைக் கையாலேயே பொது ஃபோல்டரில் போட்டேன். கருவி பேசியது. நாளைக்கு எடுத்துவிட்டு முறையாகச் செய்துகொள்ளலாம் என்று ஓடினேன்.

மறுநாள் லீவு. பாப்பாவை முதலில் கையில் வாங்கியவள் நான்தான். அந்தக் கோப்பு அதன்பிறகு என் நினைவுக்கே வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸ் போகவில்லை. மதியம் அவர் சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப ஏன் சொல்லணும்? சுண்டுவுக்கு வேற வேலை கிடைச்சுடும். உன் பேர் வெளிய வந்தா உனக்கு யார் வேலை குடுப்பா? செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா?"

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கை காய்ந்துபோகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் அவரே சொன்னார்: "நீ சொல்லாம இருக்க மாட்டே. எனக்குத் தெரியும். பயமா இருக்கு, அதான் கேட்டேன்."

மார்ச் 20, வியாழன்

அறிக்கை எழுதினேன். 'பொது ஃபோல்டரில் பழைய கோப்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது.' படித்துப் பார்த்தேன். வைக்கப்பட்டிருந்தது! யாரால்? பேயாலா? தமிழில் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ள முடிகிறது.

அடித்துவிட்டு எழுதினேன்: 'நான் வைத்தேன்.' இரண்டு வார்த்தைதான். சாயங்காலம் ஆகிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

இயக்குநர் இரண்டு முறை படித்தார். கோபப்படவே இல்லை. அதற்கு நான் தயாராக இல்லை.

"இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது. அவங்ககிட்ட ஒரு பதில் சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா கம்பெனி பேர் என்ன ஆகும்? ஏற்கெனவே ஒருத்தர் போயாச்சு. இன்னொருத்தர் எதுக்கு?"

"அவ மேல தப்பில்ல சார்."

"தெரியுது. நீங்க நல்ல ஆள். போய் வேலையைப் பாருங்க."

நல்ல ஆளாம்.

மார்ச் 23, ஞாயிறு

சுண்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது பாப்பா. "பெரியம்மா!" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உள்ளே படம் வரையச் சொல்லிவிட்டு சுண்டு பால்கனிக் கதவைச் சாத்தினாள். துணி காய்கிற கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

பொது ஃபோல்டர் என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மீதியை அவளே சொன்னாள், எந்த வரியில் எப்படி விழுந்திருக்கும் என்று, வேகவேகமாக. சிரித்தாள்கூட. "அப்ப நான் பைத்தியம் இல்ல. பதினஞ்சு நாளா அந்த ஒரு மெத்தட்டைத்தான்டி கனவுல பாக்கறேன்."

பிறகு யார் வைத்தது என்று கேட்டாள். சொன்னேன். தேதியும் சொன்னேன்.

கொடியில் கிடந்த பாப்பாவின் சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்காக ஓடி வந்தே."

"சுண்டு…"

"இரு, நான் பேசறேன். ஃபைலை விட்டுட்டு வந்தது எனக்குப் பெரிசில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன். செத்துப்போனவங்களை நினைச்சா ரெண்டு பேருக்குமே வயிறு எரியும், அது சாகற வரைக்கும் இருக்கும். ஆனா அந்த ரூம்ல… உனக்கு இந்த ஃபைல் விஷயம் அப்பத் தெரியாது. தெரியாமத்தான் பேசினே. அதான் என்னால தாங்க முடியல. உன் தப்பை மறைக்கறதுக்காக என்னை விட்டுக்குடுத்திருந்தாக்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். ஒண்ணுமே இல்லாம விட்டுக்குடுத்துட்டே. 'அவங்க சொன்னாங்க'ன்னே. யாருடி அவங்க?"

பயந்துட்டேன்டி என்றேன். அது உண்மைதான். அவளும் தலையாட்டினாள்.

"தெரியும். நானும் பயந்துதான் உக்காந்திருந்தேன். உன்னைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

கிளம்பும்போது பாப்பா தூங்கிப்போயிருந்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

அறிக்கையை ஆய்வகப் பொறுப்பாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே படித்தார்.

"இதை ஏம்மா எங்கிட்ட குடுக்கறீங்க?"

"யாரோட தப்புன்னு கேட்டீங்க. தப்பான பதில் குடுத்துட்டோம்."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஆபீஸ் திரும்பும்போது என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மருத்துவமனையில் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். கம்பெனி சார்பில் இயக்குநரும் ஒரு வக்கீலும். நான் யார் சார்பிலும் இல்லை, தனி நாற்காலி. முதல் பதில் தவறு, அந்த ஊழியர் மேல் பிழை இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த டாக்டரும் தானே ரிப்போர்ட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணியின் கணவர் வந்திருந்தார். சட்டையில் ஒரு பட்டன் வேறு நிற நூலில் தைத்திருந்தது, அவரே தைத்த மாதிரி கோணலாக. எல்லாரும் பேசி முடிக்கும் வரை இருந்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்.

"செவப்பா வந்திருந்தா, அவளை அன்னிக்கே அங்க வெச்சிட்டு இருந்திருப்பாங்களா?"

வக்கீல் கையை உயர்த்தினார். நான் சொல்லிவிட்டேன். "வெச்சிட்டு இருந்திருப்பாங்க."

"பொழைச்சிருப்பாளா?"

"பொழைச்சிருக்கலாம்."

"அந்தச் செவப்பு எவ்ளோ பெரிசா இருக்கும்?" என்றார்.

என் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 12, சனி

சாப்பிடவில்லை. படுத்தே இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

புதிய இடத்தில் சேர்ந்தேன். பேருந்து நேர அட்டவணை போடும் சின்னக் கம்பெனி. ஆறு பேர்தான். என்ன நடந்தது என்று நேர்காணலிலேயே சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவர், "எங்க சர்வர்ல பொது ஃபோல்டர் இருக்கான்னு முதல்ல பாத்து சொல்லுங்க" என்றார். இருந்தது. பழையது பதினேழு கோப்பு. ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, யார் எதற்கு வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு. மூன்று வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

சுண்டுவுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டதாம். எங்கள் பழைய லீட் கடைவீதியில் பார்த்துச் சொன்னார். கம்பெனி திரும்பக் கூப்பிட்டும் போகவில்லையாம். நான் அனுப்பிய மூன்று செய்திகளையும் படித்திருக்கிறாள். படித்ததற்கு அடையாளம் தெரிகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

மதியம் வேலை நடுவில் ஒரு போன். தெரியாத எண். ஒரு பெண் குரல், பின்னால் குழந்தைகள் சத்தம்.

"மேடம், பாப்பா ஸ்கூல் ஆபீஸ்லேருந்து பேசறோம். அவசரம்னா கூப்பிட ரெண்டாவது நம்பரா அவங்கம்மா உங்க நம்பர் குடுத்திருந்தாங்க. இப்ப அதை எடுத்துட்டு வேற நம்பர் எழுதிக் குடுத்திருக்காங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல ஒரு தடவை கேட்டுடணும், அதான் ரூல்ஸ்."

நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"எடுத்துடுங்க" என்றேன்.

"சரி மேடம். ஃபார்ம்ல உறவுன்னு போட்டிருக்கிற இடத்துல எழுத்து அழிஞ்சிருக்கு. எடுக்கறதைப் பதிவேட்டுல ஏத்தணும். நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"

'பெரியம்மா' என்று வாய்வரை வந்துவிட்டது.

"அவங்கம்மா கூட வேலை செஞ்சேன்."

"ஓ, ஆபீஸா. சரி மேடம்."

வைத்துவிட்டாள்.